தரைத்தளத்தில் ஒரு மூன்றரை

2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் எனக்கும் என் அப்பாவுக்கும் இருக்க வீடில்லாமல் போக இருந்தது. அதில் கர்த்தர் என்ன செய்தார் என்று எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டு இரண்டு வருடமாகிறது. இதுவரை எழுதவில்லை. எழுதினால் என் பிழையையும் சேர்த்து எழுத வேண்டும், அதுதான் காரணம். இப்போது எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நாங்கள் மட்டக்களப்பு. அம்மா போனபிறகு நானும் அப்பாவும் மட்டும்தான். நான் மின்னணுவியல் படித்தவள். கனடாவில், மொன்ட்ரியால் நகரத்தில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் ஒப்பந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். குடியிருந்தது கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியின் ஓரத்தில், ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. இந்த நகரத்துப் பழைய வீடுகளுக்குப் படிக்கட்டு வெளியில் இருக்கும். இரும்பில் வளைந்து ஏறும். அது முடிந்ததும் உள்ளே ஒடுக்கமான மரப்படி. இரண்டும் சேர்த்து முப்பத்தொரு படி. நாங்கள் குடிவந்தபோது நான் அதை எண்ணவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபிறகுதான் எண்ணினேன்.

அது 2005 நவம்பர். இடது கை, இடது கால். கொஞ்சம் நஞ்சம் இருந்த ஆங்கிலமும் பிரெஞ்சும் அவருக்கு அதோடு போய்விட்டன. தமிழ் மட்டும் மிஞ்சியது. மூன்று கிழமை மருத்துவமனையில் இருந்தபின் இரண்டு பேர் அவரை நாற்காலியில் கட்டி மேலே தூக்கி வந்தார்கள். பிறகு பனி விழுந்தது, இரும்புப் படியில் ஐஸ் பிடித்தது. ஏப்ரல் வரைக்கும் அவர் இரண்டே தடவைதான் வெளியே போனார். இரண்டு தடவையும் மருத்துவமனைக்கு, அதே நாற்காலியில், கட்டப்பட்டு.

அப்பா ஊரில் மின்சார சபையில் கம்பத்தில் ஏறி வேலை செய்தவர். யன்னலடியில் இருந்தபடி சொல்லுவார்: "முப்பது வருஷம் போஸ்ட்டில ஏறி இறங்கினவன் புள்ள. இப்ப முப்பத்தொரு படி இறங்க ஏலாமக் கிடக்கன்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். நான் சிரிக்கமாட்டேன்.

பெப்ரவரியில் எங்கள் சபையில் இருக்கும் ரெஜினா அக்கா என்னிடம் வந்தார். (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொல்லி அவரே அனுமதி தந்தார்.) நகரத்தின் ஓரத்தில், லாசால் பகுதியில் அவர்களுக்குச் சொந்த வீடு. மேலே அவர்கள், கீழே வாடகைக்கு விடுவார்கள்.

"ஜூன்ல கீழ்வீடு காலியாகுது. அது உனக்குத்தான் புள்ள. வேற ஒண்டும் பாக்காத," என்றார்.

இந்த நகரத்தில் ஏறக்குறைய எல்லா வாடகை ஒப்பந்தமும் ஜூன் முப்பதில் முடிந்து ஜூலை முதலாம் திகதி தொடங்கும். ஊரே ஒரே நாளில் வீடு மாறும். மாறுவதென்றால் மூன்று மாதம் முன்னதாக வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நான் மார்ச் மாதம் பதிவுத் தபாலில் அறிவித்தேன். ரசீதைக் கோப்பில் போட்டேன்.

ரெஜினா அக்காவிடம் மட்டும் ஒரு துண்டுக் கடதாசிகூட வாங்கவில்லை.

வேலையில் நான் கையெழுத்து இல்லாமல் ஒரு கருவியை அடுத்த மேசைக்கு அனுப்பமாட்டேன். ஆனால் இங்கே எப்படிக் கேட்பது? ஞாயிறு தோறும் ஒரே பாட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க மறுபக்கத்தை நான் பிடித்துப் பாடுகிறோம். அவரிடம் போய் ஒப்பந்தம் எழுதித் தாருங்கள் என்றால், உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதுபோல. எங்கள் ஆட்களுக்குள் அது வழக்கமில்லை. நானும் கேட்கவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அக்கா என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். அவருடைய தம்பி குடும்பத்துக்கு விசா கிடைத்துவிட்டது. தம்பி, மனைவி, மூன்று பிள்ளைகள்.

"திருகோணமலையில நிலவரம் உனக்குத் தெரியும்தானே. வாறவங்கள நான் எங்க விடுறது, சொல்லு?"

நான் என்ன சொல்ல? "பரவாயில்லக்கா. அவங்கதான் முக்கியம்," என்றேன். அவர் அழுதார். நான் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மார்ச்சில் அனுப்பிய அறிவித்தல் நினைவுக்கு வந்தது.

திங்கள் காலையே பழைய வீட்டுக்காரருக்கு அழைத்தேன். இரண்டு மாணவர்களோடு கையெழுத்தாகிவிட்டது என்றார். அவர் கடதாசி வாங்கியிருந்தார்.

அன்றிலிருந்து தேடினேன். ஒரு கட்டம்போட்ட கொப்பியில் நிரல் போட்டேன். தெரு, எந்தத் தளம், எத்தனை படி, பஸ் எவ்வளவு தூரம், யார் பேசினார்கள், ஏன் இல்லை. மருத்துவமனைக்கு அருகில் எங்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு கிடையாது என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. அதனால் வெளியே வெளியே போனேன். லாசால், மொன்ட்ரியால்-நோர், இன்னும் பஸ் போகிற கடைசித் தரிப்பிடம் வரைக்கும். செம்மஞ்சள் நிற வாடகைப் பலகை தொங்கிய தெருவெல்லாம் நடந்தேன்.

"ஏன் இல்லை" என்ற நிரலில் இருப்பது இவை. போய்விட்டது. போய்விட்டது. நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். பிணை நிற்க ஆள் வேண்டும். தரைத்தளம் என்றார்கள், வாசலில் ஆறு படி. நிலத்துக்குக் கீழே, ஈரம். ஒருவர் தொலைபேசியில் என் பிரெஞ்சைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்றார். பத்து நிமிடம் கழித்து என்னோடு வேலைசெய்யும், இந்தக் கியூபெக் மாகாணத்திலேயே பிறந்த ஒரு பெண் அதே எண்ணுக்கு அழைத்தாள். வீடு போகவில்லை.

மொன்ட்ரியால்-நோரில் ஒரு அம்மா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கள் கறி சமைப்பீர்களா என்று கேட்டார். இல்லை, நாங்கள் பாண்தான் சாப்பிடுகிறோம் என்றேன். பொய். அப்பாவுக்கு மீன்குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. பொய் சொல்லியும் அந்த வீடு கிடைக்கவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில், வீட்டுக்காக என் தகப்பனின் சோற்றையே மறுத்துவிட்டேனே என்று அழுதேன்.

ஜூன் தொடக்கத்தில் மருத்துவமனையின் சமூகசேவை அலுவலர் கூப்பிட்டார். நல்ல பெண். அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படி இல்லாத ஒரு முகவரி இருபத்தாறாம் திகதிக்குள் கிடைக்காவிட்டால், அப்பாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்யலாம் என்றார். அது நகரத்தின் கிழக்குக் கோடியில். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. போனால் திரும்பி வருவது கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். படிவத்தைத் தந்தார். நான் மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

ஜெபிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஜெபித்தேன். பட்டியல் போட்டு ஜெபித்தேன். படி இருக்கக்கூடாது, மெட்ரோ அருகில், மருத்துவமனைக்கு ஒரே பஸ், வெயில் படும் யன்னல், அமைதியான தெரு, இப்படி ஒன்பது காரியங்கள். பஸ்ஸில் ஜெபித்தேன். மதிய இடைவேளையில் கழிவறைக்குள் நின்று ஜெபித்தேன். நாள் போகப் போகப் பட்டியலில் ஒவ்வொன்றாக நானே வெட்டினேன். ஆண்டவரே, மெட்ரோ வேண்டாம். வெயில் வேண்டாம். அமைதி வேண்டாம். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது: அப்பாவும் நானும் ஒரே கூரைக்குள்.

பதில் இல்லை.

ஜூன் நடுப்பகுதியில் என்னால் ஜெபிக்கவே முடியாமல் போனது. முழங்காலில் நிற்பேன். வாய் தானாகச் சொல்லும். மனதுக்குள் ஒன்றும் இருக்காது. அணைத்துவிட்ட கருவியின் முன்னால் நின்று அளவு பார்ப்பதுபோல இருந்தது. தெருவில் அதற்குள் பழைய மெத்தைகளும் சோபாக்களும் வெளியே வரத் தொடங்கிவிட்டன. முதலாம் திகதி அந்த மெத்தைகளுக்கு நடுவில் அப்பா உட்கார்ந்திருப்பார் என்று தோன்றும். கண்ணை மூடினாலும் அதுவே தெரியும். அடுத்தவர் வீட்டு யன்னலில் திரை தொங்கினால், இவர்கள் எப்படிக் கேட்டு வாங்கினார்கள் என்று நினைப்பேன்.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் வெள்ளி மாலையில் போதகர் வீட்டில் ஜெபக்கூட்டம். வருகிறவர்கள் தங்கள் விண்ணப்பத்தைத் துண்டில் எழுதிக் கூடையில் போடவேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை. போதகர் எல்லாவற்றையும் வாசிப்பார். பிறகு ஆளுக்கொரு துண்டை எடுத்துப்போய் அந்தக் கிழமை முழுக்க ஜெபிக்கவேண்டும். நல்ல ஒழுங்கு. ஆனால் நாங்கள் என்ன எழுதுவோம்? வருத்தக்காரர் "சரீர பலவீனம்" என்று எழுதுவார். கலியாணம் சரிவராத வீட்டார் "ஒரு நற்காரியம்" என்று எழுதுவார்கள். இன்னதென்று ஒருவருக்கும் தெரிந்துவிடக்கூடாது. கர்த்தருக்குத் தெரியும், அது போதும் என்போம்.

நான் ஐந்து வெள்ளி தொடர்ந்து எழுதியது ஒரே வரி: "ஒரு சகோதரியின் தனிப்பட்ட தேவை."

வீடு என்று எழுதினால், ரெஜினா அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாயே என்று கேட்பார்கள், அக்காவுக்கு வெட்கமாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. சபையில் கணக்கு, அட்டவணை, விமான நிலையத்துக்கு யார் வாகனம் என்று எல்லாம் ஒழுங்குபண்ணுகிறவள் நான். அந்த நான் கதியற்று நிற்கிறேன் என்று ஒருவரும் அறியக்கூடாது என்பது மீதிப் பாதி.

ஜூன் இருபத்துமூன்று, வெள்ளி. வேலையால் வந்ததும் அப்பாவுக்கு முன்னாலேயே படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்தேன். திங்கள் கொடுக்கவேண்டும். என்னவென்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"குடுத்திடு புள்ள. நீயும் எத்தினை நாளைக்கு அலையிற. அங்க சோறு தராட்டியும் சூப்பாச்சும் தருவானுகள்." பிறகு கேட்டார்: "ஆரோடயாவது கதைக்கணுமெண்டா நான் என்ன செய்யிற?"

 பக்கத்து வீட்டு அம்மாவை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். நம்பிக்கையோடு போகவில்லை. அந்த அறையில் இருக்க முடியவில்லை, அதனால் போனேன்.

பாட்டு முடிந்தது. போதகர் துண்டுகளை வாசித்தார். மூன்றாவதோ நாலாவதோ என்னுடையது. "ஒரு சகோதரியின் தனிப்பட்ட தேவை." அவர் குரலில் கேட்டபோது அந்த வரிக்குள் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. உள்ளே அப்பா இல்லை, படி இல்லை, படிவம் இல்லை. அவர் அடுத்த துண்டை எடுத்துவிட்டார்.

"ஐயா, அது நான்தான்," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "எங்களுக்கு வீடில்ல. முதலாந் திகதி போறத்துக்கு இடமில்ல. அப்பாவ இல்லத்துக்கு எழுதிக் குடுக்கப் போறன். கையெழுத்து வச்சிட்டன்."

போதகர் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். 

பின்வரிசையில் இருந்து ஒருவர் கேட்டார். "எத்தினை பேர் பிள்ளை?"

அல்பர்ட் அண்ணை. யாழ்ப்பாணத்தவர். லாசாலில் ஒரு பெரிய குடியிருப்புக் கட்டடத்தின் பராமரிப்பாளர். குழாய் உடைந்தால், கதவு பூட்டிக்கொண்டால் ஓடுகிறவர். கூட்டத்துக்குப் பிந்தித்தான் வருவார், பாதியில் கண்ணயர்வார், வாய்விட்டு ஜெபித்ததை ஒருவரும் கேட்டதில்லை.

"ரெண்டு பேர் அண்ணை. நானும் அப்பாவும்."

"அப்பாவுக்குப் படி ஏலாதோ?"

"ஒரு படியும் ஏலாது."

"என்ர கட்டடத்தில கீழ ஒரு மூண்டரை மே மாசத்தில இருந்து வெறுமையாக் கிடக்கு," என்றார்.

மூன்றரை என்றால் மூன்று அறை. குளியலறையை இங்கே அரை என்று எண்ணுவார்கள்.

"வாசலில படி இல்லை. பக்கத்தில கொதிகலன் அறை, எந்த நேரமும் உறுமும். பாக்க வந்த ரெண்டு பேரும் வேண்டாமெண்டிட்டுப் போயிட்டினம். பேப்பரில போடாதை, நீயே அமைதியான ஆளாப் பிடி எண்டு முதலாளி சொன்னவர். நானும் ஆளில்லாமல் இருக்கிறன்." சட்டைப் பைக்குள் விரலை விட்டு ஒரு துண்டை எடுத்தார். "இது உன்ர எழுத்தோ? அச்சடிச்ச மாதிரிக் கிடக்கு. மூண்டு தரம் எனக்குத்தான் வந்தது. நான் கலியாண விசயமாக்கும் எண்டு நினைச்சு, ஆண்டவரே இந்தப் பிள்ளைக்கு நல்ல ஒரு மாப்பிள்ளையைக் குடும் எண்டெல்லோ ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறன்!"

அறை முழுக்கச் சிரித்தது. போதகரும் சிரித்தார். நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ரெஜினா அக்கா எழுந்து நின்றார். "நான்தான் வாக்குக் குடுத்திட்டு மாறினவள்," என்றார். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பரவாயில்லக்கா எண்டு சிரிச்சிக்கொண்டெல்லோ சொன்ன? உனக்கு வேற இடம் இருக்கெண்டு நினைச்சிட்டன் புள்ள. ஒரு வார்த்தை கதைச்சிருந்தா நானே ஊரெல்லாம் கேட்டிருப்பனே."

அவர் சொன்னது சரி. நான் கதைக்கவில்லை. அவரை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்று பாடினேன். உண்மையில் ஐந்து வாரமும் உள்ளுக்குள் அவரைக் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருந்தேன். அன்று அந்த அறையில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டோம்.

மறுநாள் மாகாணப் பெருநாள். தெருவெல்லாம் நீலக்கொடி. அல்பர்ட் அண்ணை கதவைத் திறந்து காட்டினார். தெருவிலிருந்து நேரே வாசல். சக்கரநாற்காலி தடையில்லாமல் உள்ளே போகும். யன்னலுக்கு வெளியே வாகனம் நிறுத்துமிடம், அதற்கப்பால் ஏதோ தொழிற்சாலைச் சுவர். மெட்ரோ அருகில் இல்லை. மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். நான் கேட்ட ஒன்பதில் மூன்று இருந்தது. நான் வெறும் தரையில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன். பல நாளைக்குப் பிறகு ஜெபத்தில் யாரோ எதிரில் இருப்பதுபோல இருந்தது.

ஞாயிறு பின்னேரம் முதலாளி வந்தார். வயதான கியூபெக்காரர். என் வேலை ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு அல்பர்ட் அண்ணையைப் பார்த்தார். அண்ணை தலையாட்டினார். அவ்வளவுதான். கடன் விவரம் கேட்கவில்லை, பிணை கேட்கவில்லை. வாடகை ஒப்பந்தத்தை நான் கடைசிப் பக்கம் வரை வாசித்துத்தான் கையெழுத்திட்டேன். பிறகு எனக்கொரு பிரதி கேட்டேன்.

"என்னட்டையும் கடுதாசியோ பிள்ளை?" என்று அண்ணை சிரித்தார்.

"ஓம் அண்ணை. உங்களிட்டயும்தான்."

திங்களன்று சமூகசேவை அலுவலரிடம் கையெழுத்திட்ட படிவத்துக்குப் பதிலாகப் புதிய முகவரியைக் கொடுத்தேன். அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். சனிக்கிழமை, ஜூலை முதலாம் திகதி, சபைச் சகோதரர்கள் நாலு பேர் அப்பாவை முப்பத்தொரு படியும் இறக்கினார்கள். ரெஜினா அக்காவின் கணவர் முன்பக்கம் பிடித்தார். "பாத்து மக்காள், கம்பத்தில ஷொக் அடிச்சவன இறக்கிறாப்போல இறக்குங்க," என்று அப்பா வழி முழுக்கக் கட்டளை போட்டார். புது வீட்டில் கொதிகலன் உறுமியதைக் கேட்டு, "ஜெனரேட்டரா? நல்லா ஓடுது," என்று மட்டும் சொல்லிவிட்டு நித்திரையாகிவிட்டார்.

ஆகஸ்டில் ஒருநாள் வேலையால் வந்தேன். வீடு திறந்திருந்தது. அப்பா இல்லை. குளியலறையில் இல்லை, கொதிகலன் அறையில் இல்லை. மருத்துவமனையில் தந்த, பிடித்து நடக்கும் நடைவண்டியும் இல்லை. தெருவில் ஓடினேன். மூலையில் இருக்கும், தெப்பனேர் என்று இங்கே சொல்லும் சில்லறைக் கடைக்கு முன்னால், கடைக்காரர் போட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ் பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு தன் காலால் வெளியே வந்திருந்தார்.

"ஆரப் புள்ள தேடுற, இப்பிடி ஓடி வாற?" என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பக்கத்தில் குந்தினேன். மிச்ச ஐஸ் பழத்தை எனக்குத் தந்தார்.

அந்த வீட்டில் அப்பா பதினாறு மாதம் இருந்தார். 2007 நவம்பரில் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தபோது கர்த்தர் அவரை எடுத்துக்கொண்டார். கடைசி மட்டும் அவருக்குக் கதைக்க ஆள் இருந்தது. அல்பர்ட் அண்ணை குழாய் திருத்தும் சாக்கில் தினமும் வந்து மட்டக்களப்புத் தமிழைப் பகிடிபண்ணுவார், அப்பா யாழ்ப்பாணத் தமிழைத் திருப்பிப் பகிடிபண்ணுவார். அவர் சுகமாகவேண்டும் என்றும் நான் கேட்டிருந்தேன். அது கிடைக்கவில்லை. ஏன் என்று தெரியாது. கிடைத்த பதினாறு மாதத்துக்காக ஒவ்வொரு நாளும் நன்றி சொல்கிறேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். காலியாகும் வீடுகளின் பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு போகிறேன். எந்தத் தளம், எத்தனை படி என்றும் போட்டிருப்பேன். புதிதாக வந்தவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று, ஜெபம் முடிந்ததும் நானே எழுந்து சத்தமாக வாசித்துவிடுவேன்.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, உங்கள் வீட்டிலும் ஒரு படிவம் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். கர்த்தரை நம்புங்கள். அவர் கேட்கிறார் என்று அந்த ஐந்து வாரம் எனக்குத் தோன்றவேயில்லை, ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரிடம் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் உள்ளபடி சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், குரல் நடுங்கும். நடுங்கட்டும். சொல்லுங்கள்.